துளசிமணி காதில் வந்த நூல்

எங்க ஊருல பகலு ராத்திரின்னு ரெண்டு கெடையாதுங்க, தறி ஓடற நேரம் ஒண்ணு, ஷிப்டு மாறி மறுபடியும் தறி ஓடற நேரம் ஒண்ணு, அவ்வளவுதான்; ஆத்துக்கு அந்தப் பக்கம் ஈரோடு, இந்தப் பக்கம் நாங்க, நடுவுல காவேரி போகுது, அது போற சத்தம் இந்தக் கரையில ஒருத்தருக்கும் கேட்டதில்ல, தறிச் சத்தத்துல பொறந்து, தறிச் சத்தத்துல தாலி கட்டி, தறிச் சத்தத்துலயே சண்டை போட்டுச் சமாதானமாகி, வெளியூருப் பக்கம் போனா எதுக்கு இந்தக் கத்து கத்தறீங்கன்னு கேப்பாங்க பாருங்க, அப்பத்தான் நாங்க கத்தறோம்கறதே எங்களுக்குத் தெரியும். அப்பேர்ப்பட்ட ஊருல, சந்தைமேட்டுத் தெருவுல, எங்க ஊட்டுக்கு அடுத்த ஊட்டுக்காரி துளசிமணி காதுல இருந்து நூல் வந்துச்சு. வந்துச்சுன்னா வந்துச்சுதான். ஏன் வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு எங்கிட்டக் கேக்காதீங்க, மழை ஏன் வருதுன்னு நான் யாரையாவது கேட்டனா.

துளசிமணி அர்த்தனாரி பட்டறையில தார் சுத்தறவ. தறியில இக்கட்டயும் அக்கட்டயும் நாடா ஓடுதுல்ல, அதுக்குள்ள வெக்கற நூலைக் குச்சியில சுத்திச் சுத்திக் குடுக்கற வேலை. புருசன் போயி வெகு வருசமாச்சு. ஒத்தப் பொண்ணு மேனகா, ஓசூர்ல கட்டிக் குடுத்திருந்துச்சு, அப்ப அது முழுகாம இருந்துச்சு. பொழுதோட பொழுது போன் பண்ணும், இவ போனைக் காதுல வெச்சுக்கிட்டு என்ன சொன்னாலும் "செரி கண்ணு, செரி கண்ணு"ம்பா. ஒரு நாள் அந்தப் புள்ள, கொழந்தை தலை திரும்பல, ஆப்பரேசன்னு சொல்றாங்கம்மா, எனக்குப் பயமா இருக்குதுன்னு அழுதிருக்குது. அதுக்கும் இவ, "செரி கண்ணு, சந்தோசம்"னுட்டா. பொண்ணு போனை வெச்சுருச்சு. மாப்பிள்ளை எங்க ஊட்டுக்காரருக்குக் கூப்பிட்டுச் சொன்ன பொறகுதான் விசயமே வெளிய வந்துச்சு. அன்னிக்கு துளசிமணி சோத்துல கை வெக்கல. எம்புள்ள அழுதது எனக்குக் கேக்கலியேன்னு சொல்லிச் சொல்லி, அந்த வெசனத்துலயே உக்காந்திருந்தா.

நாந்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல மருந்துக் கடை மாடியில காது மூக்கு தொண்டை டாக்டரு, நவநீதன்னு பேரு, சின்ன வயசு, ஆனா கை பதனமான கை. லைட்டு அடிச்சுப் பாத்துட்டு, "காது பூராவும் அழுக்கு கல்லாட்டம் அடைஞ்சிருக்குதும்மா, இந்தச் சொட்டு மருந்தை நாலு நாளைக்கு விடுங்க, நல்லா ஊறட்டும், அப்புறம் வாங்க, மெஷின் வெச்சு உறிஞ்சிரலாம், அதுக்குள்ள ஊக்கு கீக்கு எதையும் உள்ள விட்டுறாதீங்க"ன்னாரு. தறிக்காரி ஊக்கை விடாம இருப்பாளா, ஆனா இவ இருந்தா. சொன்னபடி மருந்தை விட்டு, சொன்ன நாளுக்குப் போயி, அந்தச் சாயற நாற்காலியில சாஞ்சு உக்காந்தா.

எதுக்க ஒரு டி.வி. வெச்சிருக்காங்க, அதுல நம்ம காதுக்குள்ள நாமளே பாக்கலாம். கருப்பட்டி காய்ச்சி அடி புடிச்ச சட்டி மாதிரி இருந்துச்சு. டாக்டரு சின்னக் குழாயை உள்ள விட்டு உறிஞ்சறாரு, பொறுக்குப் பொறுக்கா வருது, எல்லாம் கருப்பா, பஞ்சு கலந்து. சத்தம் தாங்காம பட்டறைக் கழிவுப் பஞ்சைத்தான நாங்க எல்லாம் காதுல திணிச்சுக்கறோம். எடது காது சுத்தமாச்சு, வலது காதும் சுத்தமாச்சு. எந்திரிங்கன்னு சொல்லப் போனவரு, "இருங்க இருங்க, எடது காதுல ஒண்ணு தொங்குது"ன்னு இடுக்கியில புடிச்சு இழுத்தாரு. ஒரு நூலு. இழுத்தாரு, வந்துச்சு. இழுக்க இழுக்க வந்துச்சு. சாம்பல் கலரு, நல்ல சன்ன ரகம், ஒரு முடிச்சுக் கெடையாது.

"என்னங்க தம்பி அது?"ன்னு நான் கேட்டேன்.

"நூலும்மா. திணிச்ச பஞ்சு உள்ளயே முறுக்கிக்கிட்டிருக்கும். தறிக்காரங்களுக்கு வர்றதுதான்."

அவரு மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்ல. நர்சுப் பொண்ணு நுனியை வாங்கிப் பேனாவுல சுத்துச்சு, பேனா கொள்ளல, ஊசி வர்ற அட்டை டப்பாவுல சுத்துச்சு. துளசிமணிக்குப் பொறுக்கல. "அப்படிச் சுத்துனா சிக்கு விழுந்துரும் அம்மணி, இங்க குடு"ன்னு மடியில கெடந்த தார்க் குச்சியை எடுத்து, தன் காதுல இருந்து வர்ற நூலைத் தானே சுத்த ஆரம்பிச்சா. சுத்தும்போது வேற ரோசனையே இல்ல அவளுக்கு, பட்டறையில உக்காந்திருக்கற மாதிரியே இருந்தா. குச்சி நெறைஞ்சதும் டாக்டரு போதும்னுட்டாரு. "காது செவந்துருச்சு. மீதியை வாராவாரம் வந்து எடுத்துக்கலாம். முழுசா எடுத்துரணும்மா, பாதி உள்ள கெடந்தா சீழ் புடிச்சுக்கும்"னு சொல்லி, ஒரு விரல் நீளத்துக்கு வெளிய விட்டு வெட்டி, அந்த நுனியைக் காதுக்குப் பின்னால பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டாரு. பிளாஸ்திரி ஒரு நாள்கூட நிக்கல. அதனால அவ அதைக் கம்மல் தண்டுல சுத்தி முடிஞ்சுக்கிட்டா.

அன்னிக்குப் பொழுதோட மேனகா போன் பண்ணுனப்ப ஒவ்வொரு சொல்லும் கேட்டுச்சு. அம்மாளும் மகளும் அழுத அழுகையில எங்க ஊட்டுச் செவுத்துச் சுண்ணாம்பே உதிர்ந்திருக்கும்.

காது நூலைச் சுத்துன அந்தத் தாரு எம் பையில வந்துருச்சு, நான் கொண்டாந்து ஜன்னல்ல வெச்சுட்டேன். எங்க ஊட்டுக்காரரு ராத்திரி ஷிப்டு, பகல்ல தலவாணியைத் தலை மேல வெச்சுக்கிட்டுப் பொரண்டுக்கிட்டேதான் கெடப்பாரு, அன்னிக்குப் படுத்தவரு பொழுது சாஞ்சும் எந்திரிக்கல. எழுப்பலாம்னு போனேன். கிட்டப் போனா, ஜன்னலோரம் கம்முனு இருக்குது. தறி இல்ல. கரண்டு போனாக்கூட எங்க காதுக்குள்ள தறி ஓடிக்கிட்டேதாங்க இருக்கும், அதுவும் இல்ல. நான் செவிடாயிட்டேன்னு நெனச்சேன். தாரைத் தள்ளி வெச்சா சத்தம் வருது, கிட்டக் கொண்டாந்தா நிக்குது.

சேதி தெருவுக்குப் போச்சு, தெருவுல இருந்து அர்த்தனாரிக்குப் போச்சு. அர்த்தனாரி மூணு தலைமொறை பட்டறைக்காரரு, நல்ல மனுசன், ஆனா எதைக் கண்டாலும் எத்தனை மீட்டரு வரும்னு பாக்கற கண்ணு. தாரைக் காதுகிட்ட வெச்சாரு. வெச்சவரு வாசல்படியிலயே உக்காந்துட்டாரு. கண்ணுல தண்ணி. "பொறந்ததுல இருந்து இப்படி ஒண்ணு நான் கேட்டதில்லீங்க"ன்னாரு, கேக்கறதுக்கு அதுல ஒண்ணுமே இல்ல, அதைத்தான் அப்படிச் சொன்னாரு.

பொறகென்ன. துளசிமணி வாராவாரம் டாக்டருகிட்டப் போனா, போனான்னா நாங்க தனியா உட்டமா, பைக்குல கூட்டிக்கிட்டுப் போக ஒருத்தன், படியில கை புடிக்க ஒருத்தி, காதுல சொட்டு விட ஒருத்தி, வர்ற நூலை அர்த்தனாரி தனித் தறியில ஏத்துனாரு, அந்தத் தறி மட்டும் சத்தமே இல்லாம ஓடுச்சு, நெய்ய நெய்யப் போர்வையாச்சு, அந்தப் போர்வைக்குள்ள போனவங்களுக்கு ஊரே இல்ல. பரிச்சைக்குப் படிக்கற புள்ளைங்களுக்கு மொதல்ல, பச்ச ஒடம்புக்காரிக்கு அப்புறம், இழுத்துக்கிட்டுக் கெடந்த பெரியவரு ஒருத்தரு அதைப் போத்திக்கிட்டு நிம்மதியாக் கண்ணை மூடுனாரு, பேச்சே இல்லாம கெடந்த புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு அதுக்குள்ள போயி வெளிய வர மாட்டேன்னுட்டாங்க, கோயில் பூசைக்கு மொறை வெக்கற மாதிரி ஊடு ஊடா மொறை வெச்சோம், ஈரோட்டுல இருந்தெல்லாம் ஆளு வந்து கேட்டாங்க, சொந்தபந்தம், ஒரம்பரைக்கே இல்லைன்னுட்டோம். துளசிமணியைக் கண்டா தெருவே நின்னு, காது நல்லாருக்குதான்னு கேட்டுட்டுத்தான் நகரும்.

காது நல்லாத்தான் இருந்துச்சு. அதுதான் வெனை. மொதல்ல ஓசூர்ல பொண்ணு எச்சி முழுங்கறது போன்ல கேட்டுச்சு. அப்புறம் அடுத்த தெருத் தறி தனியாக் கேட்டுச்சு, அதுக்கடுத்த தெருத் தறி தனியா. ஆத்தோரப் பட்டறையில எந்தத் தறியில நாடா தேஞ்சிருக்குதுன்னு இங்கிருந்து சொன்னா. செவுத்துல பல்லி நடக்கறது கேக்குதுன்னா. எங்க ஊட்டுல நாங்க குசுகுசுன்னு பேசுனாக்கூட மறுநாள் அவ என் மூஞ்சியை நேராப் பாக்க மாட்டா, அதனால நாங்க பேசறதையே உட்டுட்டோம். நூலு வெளிய வர வர, அவளுக்குள்ள இருந்த கம்முனு இருக்கறதும் கூடவே வந்துக்கிட்டிருந்துச்சு. தூக்கம் போச்சு. கண்ணுக்குக் கீழ கருத்து, சோறு எறங்காம, சுத்தற தார்ல சிக்கு விழ ஆரம்பிச்சிருச்சு. நாங்களும் மனுசங்கதான, மொறையை நிறுத்திப் போர்வையை அவளுக்குக் குடுத்தோம். போத்திக்கிட்டுப் படுத்தா, முழிச்ச கண்ணு முழிச்சபடி இருந்தா, எந்திரிச்சு மடிச்சுக் குடுத்துட்டா. "எங்கிட்ட இருந்து போனது போனதுதான், எனக்கு அது ஆவாது"ன்னா.

அடுத்த தடவை டாக்டரு நூலைப் பாத்து, மெலிஞ்சு வருது, இன்னும் கொஞ்சந்தான் இருக்கும், முடிஞ்சிரும்னாரு.

"முடிஞ்சா என்னாகுங்க?"

"காது சுத்தமாயிரும்மா."

"தூக்கம் வருங்களா?"

அவரு எந்திரிச்சுக் கையைக் கழுவுனாரு. "அது இருக்கற வரைக்கும் ஏதோ ஒரு கண்ணு தூங்குவீங்க. அதுக்கப்புறம் எனக்குச் சொல்லத் தெரியலீங்க"ன்னாரு.

அன்னியோட துளசிமணி போறதை நிறுத்திட்டா. நுனியைக் கம்மல்ல ரெண்டு சுத்துச் சுத்தி, மேல கையை வெச்சுக்கிட்டே நடந்தா. பஸ்ஸுல ஏறறதில்ல, யாரு கை பட்டு இழுத்துரும்னு பயம். குனிஞ்சு கோலம் போடறதில்ல. தலை சீவறதுகூட ஒரு பக்கந்தான். எதுக்க யாராவது கையை வீசிக்கிட்டு வந்தா செவுத்தோட ஒட்டி நின்னுக்குவா. அந்தத் துளியூண்டு நூலுதான் அவ தூக்கம், அது போனா இனி ஆயுசுக்கும் தூக்கம் இல்ல, அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எங்க கஷ்டத்தையும் கேளுங்க. போர்வை முடியல. ஓரம் அடைக்கறதுக்கு முன்னாடி நூலு நின்னுபோச்சு. வேற நூலு போட்டு அடைச்சா வழுக்கிட்டு வந்துருது, ஓரத்துல இருந்து இழை இழையாப் பிரியுது, பிரியப் பிரியத் தறிச் சத்தம் உள்ள ஒழுகுது. ஒரு தடவை தூங்கிப் பழகுனவனுக்குத் தூக்கம் போனா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. தெருவே சிடுசிடுன்னு ஆயிருச்சு. எம் புருசன் சோத்துத் தட்டைத் தூக்கி வீசுனாரு, கட்டுன நாள்ல இருந்து அப்படி ஒண்ணு அவரு செஞ்சதில்ல.

அதுக்குள்ள மேனகாவுக்கு ஆப்பரேசன்ல பையன் பொறந்து, கைக்கொழந்தையோட அம்மா ஊட்டுக்கு வந்துச்சு. ஓசூர்ல பொறந்த கொழந்தைக்குத் தறிச் சத்தம் ஆகுமா. பால் குடிக்கும், கண்ணை மூடும், தூக்கித் தூக்கிப் போடும், வீருன்னு கத்தும். அப்பத்தான் நாங்க போனோம், அர்த்தனாரி முன்னால, நாங்க பின்னால. மத்தியானச் சோத்து நேரம் தாண்டியிருக்கும். துளசிமணி கொழந்தையை மடியில போட்டு ஆட்டிக்கிட்டிருந்தா.

"எங்களுக்குக் கேக்கல துளசி, கொழந்தைக்காகத்தான் கேக்கறோம். கொஞ்சூண்டு குடுத்தீன்னா ஓரத்தை அடைச்சு, மொதல் மொறையே உம் பேரனுக்குத்தான்"ன்னாரு அர்த்தனாரி.

"கொஞ்சூண்டுதானுங்க இருக்குது."

"ஒடம்பு தேறுனா தூக்கம் தானா வரும் அம்மணி."

"நீங்க சொல்றது நெசமா இருந்தா, சொல்லும்போது உங்க நெஞ்சு எதுக்கு இந்த அடி அடிக்குது? எனக்குக் கேக்குதுங்களே"ன்னா அவ.

அர்த்தனாரி கையை எடுத்து நெஞ்சு மேல வெச்சுக்கிட்டாரு. அந்தச் சமயம் பாத்து மடியில கெடந்த கொழந்தை கையை வீசுச்சு, கம்மல்ல இருந்த முடிச்சு அவுந்து, நுனி அதோட கைக்குள்ள போயிருச்சு. பச்சக் கொழந்தை ஒண்ணைப் புடிச்சா புடிச்சதுதான். புடிச்ச ஒடனே அழுகை நின்னுச்சு. கண்ணு சொக்குது. கை கீழ எறங்குது, நூலு காதுல இருந்து வருது, வந்துக்கிட்டே இருக்குது, அவ்வளவு சன்னமா, வெளிச்சத்துல பாத்தாத்தான் தெரியும். வாசல்ல நின்ன எங்க எல்லாரு மூஞ்சியிலயும் ஒரே நெனப்புதான், நான் அதைச் சொல்ல வேண்டியதில்ல. நாங்க கையை வெக்கல, பேரனே எடுத்துக்கறான், பாட்டி குடுக்கறா, யாரு மேலயும் பழி இல்ல.

துளசிமணி கொழந்தையைப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் அந்தக் கையைப் பிரிச்சா, சுண்டு விரலு, மோதிர விரலுன்னு ஒவ்வொண்ணா, வலிக்காம. நுனியை எடுத்துக்கிட்டா. கொழந்தை ஊரே அதிரக் கத்துச்சு. "எனக்குத் தூக்கம் வேணும் கண்ணு, பாட்டிக்குத் தூக்கம் வேணும்"னு அதுகிட்டயே சொல்லிட்டு, மேனகா கையில குடுத்துட்டு, பாயை விரிச்சு, காதைக் கையால மூடிக்கிட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

எங்களுக்கு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி ஆயிருச்சு. இப்படியும் ஒரு பாட்டி இருப்பாளான்னு பேசிக்கிட்டே கலைஞ்சோம், அவளுக்குக் கேக்கட்டும்னே சத்தமாப் பேசுனோம். நான் ஊட்டுக்கு வந்து, மனசு ஆறாம, ராத்திரிச் சோத்துக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு உக்காந்தேன். சித்த நேரம் போயிருக்கும், அர்த்தனாரி பட்டறைத் தறி நின்னுச்சு.

எங்க ஊருல நோம்பி, பண்டிகை நாளை உட்டுட்டா தறி நிக்கறது ரெண்டுக்குத்தாங்க. கரண்டு போனா நிக்கும், அப்ப ஃபேனும் சேந்து நின்னுரும். ஃபேன் ஓடிக்கிட்டிருக்கத் தறி மட்டும் நின்னா அது சாவு. ஒரு பட்டறையில நிறுத்துனா, யாரு என்னன்னு பக்கத்துப் பட்டறைக்காரன் கேக்க மாட்டான், மொதல்ல தன் மோட்டாரை நிறுத்துவான், அப்புறந்தான் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு யாருன்னு கேட்டு வருவான். அதுதான் மருவாதி. நான் தலையைத் தூக்கிப் பாத்தேன், ஃபேன் ஓடுது. கையில இருந்த வெங்காயம் உருண்டு போச்சு. அடிப்பாவி, போயிட்டாளா.

வெளிய ஓடியாந்தா, எதுத்த பட்டறை நின்னுச்சு, அதுக்கடுத்தது நின்னுச்சு, கீழத் தெரு நின்னுச்சு, சந்தைமேட்டைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, ஒவ்வொரு மோட்டாரா எறங்கி எறங்கி ஆத்தோரப் பட்டறை வரைக்கும் நின்னுச்சு. ஆம்பளைங்க தோள்ல துண்டோட வந்தாங்க, பொம்பளைங்க மாரைத் தட்டிக்கிட்டு வந்தாங்க, ஒருத்தன் அதுக்குள்ள மாலைக்குச் சொல்லிட்டான். அர்த்தனாரி கண்ணு கலங்கி, நாந்தான் கொன்னுட்டேன், நாந்தான் கொன்னுட்டேன்னுக்கிட்டு வர்றாரு. எனக்கு ஒரே நெனப்புதான் ஓடுச்சு, கடைசியா அவ காதுல விழுந்தது எம் பேச்சுத்தானேன்னு.

துளசிமணி ஊட்டு வாசல்ல மேனகா நின்னுக்கிட்டிருந்துச்சு. தோள்ல கொழந்தை தூங்குது. வெறும் காலு, பட்டறைப் பஞ்சு காலெல்லாம் ஒட்டியிருக்குது. நான் அழுகற வாயைத் தொறக்கப் போனேன், அது வாய் மேல விரலை வெச்சுக் காட்டுச்சு.

"எப்ப அம்மணி போனா?"ன்னாரு அர்த்தனாரி.

"யாரும் போகலீங்க மாமா. உங்க பட்டறை மெயினை நாந்தான் எறக்குனேன். அம்மா தூங்குது."

கதவுக்குள்ள எட்டிப் பாத்தோம். பாயில கெடக்கறா. காதை மூடியிருந்த கை தளந்து தரையில கெடக்குது, வாய் லேசாத் தொறந்திருக்குது, குறட்டைன்னும் சொல்ல முடியாது, மூச்சுன்னும் சொல்ல முடியாது, அப்படி ஒரு சத்தம். அந்தச் சத்தம் தெரு வரைக்கும் கேட்டுச்சு.

அர்த்தனாரி துண்டால மூஞ்சியைத் தொடைச்சாரு. அவருக்கு உசுரும் வந்துருச்சு, கூடவே தறியும் ஞாபகம் வந்துருச்சு. "அப்பத் தறியைப் போடச் சொல்லட்டா"ன்னாரு, தறிக்காரங்க தொண்டையில, ஊரே கேக்கற மாதிரி. அவரு சத்தத்துக்கு அவரே மெரண்டு போயி வாயைப் பொத்திக்கிட்டாரு.

"அம்மா முழிக்கட்டுங்க மாமா"ன்னுச்சு மேனகா.

அவரு மேனகாவைப் பாத்தாரு, பட்டறையைப் பாத்தாரு, அங்க இங்க நின்ன எங்களைப் பாத்தாரு. நாங்க ஒருத்தரும் நகரல. என்ன பண்றதுன்னு தெரியாம எழவு ஊட்டுல உக்கார்ற மாதிரியே ஆம்பளைங்க அக்கட்டயும் பொம்பளைங்க இக்கட்டயும் உக்காந்தோம். கீழத் தெருவுல இருந்து ஆளு வந்துக்கிட்டே இருக்குது, யாரு போனாங்கன்னு கேட்டுக்கிட்டே வருது, தறிச் சத்தத்துல கையால பேசுவோம்ல, அதே மாதிரி கையாலயே சொன்னோம், தூங்கறா, உக்காருன்னு. மாலையோட வந்தவனும் மாலையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தான். எவ்வளவு நேரம் இப்படின்னு யாருக்கும் தெரியல, கேக்கவும் பயம். உள்ள பாயில அவ ஒரு தடவை பொரண்டு படுத்தா, வெளிய தெருவே மூச்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.